வேலை கொடுப்பவர் சொல்ல வேண்டிய பதில்

தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவுச் சொற்பொழிவு, நரிக்குடி



முதுகுளத்தூர்ப் பக்கம் செல்லூரில் 1924-இல் பிறந்து, இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டிய ஒரு மனிதரின் பெயரால் கூடியிருக்கிறோம். 1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் தம் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். 1985-இல் விருதுநகர் பகுதி தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாமும் அவரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள்தான். மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் உரிமைக்காக இந்த மண்ணில் உயிர் போயிருக்கிறது.

இன்று அந்த மேசை பெரும்பாலும் ஒரு நேர்காணல் அறையில் இருக்கிறது. கரிமூட்டம் போட்டும் நூறு நாள் வேலைக்குப் போயும் படிக்க வைத்த பெற்றோரின் பிள்ளைகள் பட்டத்தோடு நூற்பாலைக்கும் தனியார் பள்ளிக்கும் ஜவுளிக்கடைக்கும் போய் நிற்கிறார்கள். “எந்த ஊர்?” என்று கேட்கிறார்கள். “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்கிறார்கள். பிறகு “சொல்லி அனுப்புகிறோம்” என்கிறார்கள். யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம். சாதி பார்த்து வேலை மறுத்தார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தால், வேலை கொடுப்பவர் என்ன பதில் சொல்ல வேண்டும்? குறிப்பாக, அந்த நிறுவனம் தனி முதலாளியுடையதாக இல்லாமல் ஒரு சமுதாயத்தின் சொத்தாக இருந்தால், “இது எங்கள் வீடு, எங்கள் வழக்கம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட முடியுமா?

மகமையில் எழுந்த வீடுகள்

நம் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்தார்கள், உறவின்முறை ஏற்படுத்தினார்கள், ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை பிடித்துப் பொதுநிதி சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் கோயிலுக்குள் போக அவர்களுக்கே தடை இருந்தது. 1897-இல் பக்கத்துக் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் அங்கும் அவர்கள் தோற்றார்கள். இடையில் 1899-இல் சிவகாசிக் கலவரம் நடந்தது. அப்படி விரட்டப்பட்டவர்கள் தங்கள் காசில் 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள், 1921-இல் வங்கி தொடங்கினார்கள். அருப்புக்கோட்டையில் நாடார் உறவின்முறையும் தேவாங்கர் சமுதாயமும் கல்லூரிகள் நடத்துகின்றன. நம் பிள்ளைகள் பலர் அத்தகைய நிறுவனங்களில் படித்து வந்தவர்கள்.

இந்த வரலாற்றை நாம் மதிக்கிறோம். அரசும் கோயிலும் கைவிட்டபோது ஒரு சமுதாயம் தன் கையை நம்பி எழுந்த வரலாறு அது. எந்த ஒரு நிறுவனத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நோக்கம் இந்த உரைக்குக் கிடையாது. ஆனால் மகமையில் எழுந்த வீடு இன்று பலருக்குச் சம்பளம் கொடுக்கும் இடம். சம்பளம் கொடுக்கும் இடம் கணக்குச் சொல்ல வேண்டிய இடமும்தான்.

அமெரிக்கப் பழங்குடிகளின் அனுபவம்

இந்தச் சிக்கலை மிக நெருக்கமாகச் சந்தித்தவர்கள் அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள். நிலம் பறிக்கப்பட்டு, ஒதுக்கிய பகுதிகளுக்குள் அடைக்கப்பட்ட அவர்கள் இன்று பள்ளி, மருத்துவமனை, சூதாட்ட விடுதி, சுரங்கம் எனப் பலவற்றில் வேலை கொடுப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

1964-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 7-ஆம் தலைப்பு இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் ஆகியவற்றின் பெயரால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் ‘வேலை கொடுப்பவர்’ என்ற வரையறையிலிருந்து பழங்குடி அரசுகளை அந்தச் சட்டமே விலக்கிவைத்தது. பழங்குடிப் பகுதியிலும் அதன் அருகிலும் தொழில் நடத்துவோர் பழங்குடியினருக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்றும் சொன்னது. 1974-இல் மன்காரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழங்குடியினருக்குத் தரப்படும் வேலை முன்னுரிமை இன அடிப்படையிலானது அன்று, தனி அரசியல் சமூகங்கள் என்ற அவர்களது நிலையைச் சார்ந்தது என்று விளக்கியது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1978-இல் சாண்டா கிளாரா புவெப்ளோ வழக்கு வந்தது. வெளியே மணம் முடித்த ஆணின் பிள்ளைகளை உறுப்பினராக ஏற்ற ஒரு பழங்குடி, வெளியே மணம் முடித்த பெண்ணின் பிள்ளைகளை ஏற்கவில்லை. அந்தப் பெண் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். பழங்குடி அரசின் மீது இங்கே வழக்குத் தொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்னாட்சி காப்பாற்றப்பட்டது, ஆனால் உள்ளே இருந்த பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியது.

மூடிய கதவுக்குப் பதிலாகத் தங்கள் சுவரில் தாங்களே ஒரு கதவு வைத்த பழங்குடிகள் உண்டு. நவஹோ மக்கள் 1985-இல் தமக்கென வேலைச் சட்டம் இயற்றினார்கள். நவஹோ மக்களுக்கு முன்னுரிமை தரும் அதே சட்டம், நியாயமான காரணமின்றி யாரையும் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்றும் சொல்கிறது. புகாரை விசாரிக்க அவர்களிடமே அலுவலகமும் நீதிமன்றமும் இருக்கின்றன. “உங்கள் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது” என்று மட்டும் சொன்னவர்களைக் காட்டிலும், “இதோ எங்கள் சட்டம், இங்கே வந்து கேள்” என்று சொன்னவர்களின் தன்னாட்சிதான் உறுதியாக நிற்கிறது.

நம் ஊர்ச் சமுதாய நிறுவனங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக்கூடாது. பழங்குடி அரசுகள் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட தேசங்கள். நம் ஊர்ச் சாதிச் சங்கம் அப்படியொரு அரசு ஆகாது. அது பதிவு செய்யப்பட்ட சங்கம் அல்லது அறக்கட்டளை. அதன் பள்ளி கல்லூரிகள் பல அரசு உதவியும் பெறுகின்றன. அமெரிக்கப் பழங்குடிகளுக்குக் கிடைத்த விலக்கைக்கூட நம் சங்கங்கள் கேட்க முடியாது. அரசியல் சட்டத்தின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தபோது அரசை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. தனி மனிதரையும் சங்கத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

நம் சட்டத்தில் கதவு எங்கே?

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் தொழிலோ வேலையோ செய்யவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1976-இல் சேர்த்த 7ஏ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைக் கூட்டவும் கழிவு அள்ளவும் செத்த மாட்டைத் தூக்கவும் கட்டாயப்படுத்துவதையும் தீண்டாமைக் குற்றமாக்கியது. வேலை மறுப்பது மட்டும் பாகுபாடு ஆகாது. ஒரு வேலையை ஒரு சாதிக்கென்றே ஒதுக்கிவைப்பதும் பாகுபாடுதான். ஊராட்சிகளில் தூய்மைப் பணியில் யார் இருக்கிறார்கள், மேசையடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வேலையையோ தொழிலையோ பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் செய்யவிடாமல் தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர், “அவர் சாதி எனக்குத் தெரியாது” என்று எளிதில் தப்ப முடியாது. தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

ஆனால் இவை இரண்டும் குற்றவியல் சட்டங்கள். காவல் நிலையத்தில் தொடங்கி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும்வரை போக வேண்டியவை. தண்டனை கிடைக்கலாம், கேட்ட வேலை கிடைக்காது. அரசு வேலையில் சமவாய்ப்புக்கு 16-ஆம் உறுப்பு இருக்கிறது. தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக வேலையையும் இழந்த சம்பளத்தையும் பெற்றுத்தரும் தனிச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது ஒன்றுமில்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றது. அதில் ‘சமூக மூலம்’ என்ற சொல்லும் இருக்கிறது. ஏற்றுக்கொண்டது காகிதத்தில் நிற்கிறது.

பாகுபாடு கற்பனை என்று சொல்பவர்களுக்குச் சமூகவியல் பதில் வைத்திருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். மாறியது பெயர் மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். அந்த மேலாளர்கள் தகுதியைத்தான் பார்க்கிறோம் என்றார்கள், கூடவே குடும்பப் பின்னணியையும் கேட்போம் என்றார்கள். நம் ஊரின் “எந்தத் தெரு?” என்ற கேள்விதான் அங்கே கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வழக்கமாக வரும் நான்கு பதில்கள்

புகார் வந்தால் நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பவை நான்கு பதில்கள்.

முதலாவது, “நாங்கள் சாதியே பார்ப்பதில்லை.” பார்க்காத இடத்தில் கணக்கு இருக்காது. யார் விண்ணப்பித்தார்கள், யாரை அழைத்தார்கள், யாரை எடுத்தார்கள் என்ற ஏடு இல்லாதவர் பார்த்தாரா இல்லையா என்பதை எதை வைத்துக் காட்டுவார்?

இரண்டாவது, “தகுதி இல்லை.” எந்தத் தகுதி? 1971-இல் அமெரிக்காவில் கிரிக்ஸ் வழக்கில் ஒரு மின் நிறுவனம் சாதாரண வேலைகளுக்குக்கூட உயர்நிலைப் பள்ளிச் சான்றும் தேர்வும் கேட்டது. வேலைக்குத் தொடர்பில்லாமல் கறுப்பின மக்களை வெளியே தள்ளும் தகுதிகள் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. சமுதாயப் பெரியவரின் சிபாரிசுக் கடிதம், நன்கொடை, உறுப்பினர் குடும்பம் என்பவையெல்லாம் கணக்கு ஆசிரியர் கணக்குச் சொல்லித்தர எந்த வகையில் தேவை?

இந்தத் ‘தகுதி’க்கு அருப்புக்கோட்டை நெசவாளர்களுக்குப் புரியும் சான்று ஒன்று உண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாதோரை நெசவுப் பிரிவில் சேர்க்கவில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்பதே காரணம். சம்பளம் அதிகமுள்ள பிரிவு அது. 1928 பெருவேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். முதலாளியைக் கேட்ட அதே கேள்வியைக் கூடப் போராடும் தொழிலாளியையும் கேட்டார்.

மூன்றாவது, “இது எங்கள் உள்விவகாரம்.” இதற்கான விடையை மேலே பார்த்தோம். தன்னாட்சி என்பது தனக்கென விதி வைத்திருப்பவர் பேச வேண்டிய சொல். விதியே இல்லாதவரின் உள்விவகாரம் தலைவரின் விருப்பம் மட்டுமே.

நான்காவது, புகார் செய்தவரையே நகர்த்துவது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகளிடமிருந்து முதலில் வந்தது அந்தப் பெண்ணுக்கு இடமாறுதல் உத்தரவு. இயக்கங்கள் போராடிய பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அரசே வேலை கொடுப்பவராக இருந்தும் முதலில் கை வைத்தது பாதிக்கப்பட்டவர் மேல். “அமைதிக்காக” என்ற சொல் எப்போதும் ஒரு தரப்பைத்தான் இடம் மாற்றுகிறது.

நேர்மையான பதில் எப்படி இருக்கும்?

புகாருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல நினைக்கும் சமுதாய நிறுவனத்துக்கு நாங்கள் வைக்கும் வழி இது.

புகார் வந்த அன்றே எழுத்தில் ஒப்புகை கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை புகார் செய்தவரின் வேலை, பிரிவு, சம்பளம், தங்குமிடம் எதிலும் கை வைக்கக்கூடாது. ஆலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அறையை மாற்றுவதுகூடத் தண்டனைதான். புகார் செய்தவரைப் பழிவாங்குவதை அமெரிக்கச் சட்டம் தனிக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்கிறது. பாகுபாடு மெய்ப்பிக்கப்படாமல் போனாலும் பழிவாங்கியது மெய்யானால் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து ஏடுகளைக் காக்க வேண்டும். விளம்பரம், விண்ணப்பங்கள், மதிப்பெண் தாள், நேர்காணல் குறிப்பு ஆகிய எதையும் கிழிக்கக்கூடாது. அமெரிக்க நீதிமன்றங்கள் 1973 முதல் ஒரு முறையைப் பின்பற்றுகின்றன. தகுதியோடு விண்ணப்பித்தேன், மறுத்தார்கள், அதன் பிறகும் இடம் காலியாகவே இருந்தது என்று தொழிலாளி காட்டினால் போதும். காரணத்தைச் சொல்ல வேண்டியது நிறுவனம். அந்தக் காரணம் சாக்கு என்று காட்ட மீண்டும் தொழிலாளிக்கு வாய்ப்பு உண்டு. இந்த முறையை நம் நிறுவனங்கள் தம் விதிகளில் எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

விசாரிப்பவர்கள் நிர்வாகக் குழுவின் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. இதற்கு நம் கையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1997-இன் விசாகா தீர்ப்பிலிருந்து பிறந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்குழு வேண்டும், அதில் வெளியார் ஒருவர் வேண்டும், 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது. சாதிப் புகாருக்கும் அதே போல ஒரு குழு, அதில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரும் பெண்ணும் வெளியாரும், அதே 90 நாள் கெடு. இதைச் செய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

முடிவு எழுத்தில், காரணத்தோடு வர வேண்டும். புகார் உண்மையானால் வேலையும் இழந்த சம்பளமும் தர வேண்டும். வருத்தம் தெரிவித்துச் சால்வை போட்டு அனுப்புவது பரிகாரம் ஆகாது. வன்கொடுமை நடந்திருந்தால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய செய்தி. உள்விசாரணையைக் காட்டியோ ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்தோ அதை அமுக்குவது கட்டப்பஞ்சாயத்து.

புகார் கொடுப்பவரும் ஏடு வைத்திருக்க வேண்டும். விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். போன நாள், நேரம், கேட்ட கேள்வி, கூட இருந்தவர் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவிடம் ஒரு மனு போதும்.

இதே அளவுகோல் நமக்கும்

தோழர்களே, நாமும் இன்று வேலை கொடுக்கிறோம். தலித் இயக்கத்தவர் நடத்தும் தொண்டு நிறுவனங்கள், மாலைப் பள்ளிகள், பதிப்பகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மகமையில் எழுந்த வீட்டுக்கு நாம் வைக்கும் கேள்வி, நம் சந்தாவில் எழுந்த வீட்டுக்கும் பொருந்தும். 2009-இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதிகளின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீட்டுக்கு இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. அரசு அலுவலகத்தில் அதை ஆதரித்து முழக்கமிடும் நாம், நம் அலுவலகத்தில் அருந்ததியர் எத்தனை பேர், புதிரை வண்ணார் எத்தனை பேர், முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணியாக வேண்டும். ஒருவர் புகார் கொடுத்தால், “இயக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறாயா?” என்று கேட்பது, மேலே சொன்ன நான்கு பதில்களோடு ஐந்தாவதாகச் சேரும்.

அடக்கப்பட்டவர்கள் கட்டிய வீடு என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அந்த வீட்டை யாரும் பறிக்கக்கூடாது. இன்னொன்று, அடக்கப்படுவதன் வலி அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கும், ஆகவே அது முதலில் பதில் சொல்ல வேண்டும். முதல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், கமுதிக் கோயில் வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் இன்னொரு வாசலில் எதிரெதிராக நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூட்டத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டுக்கு வேலையும் இழப்பீடும் பெற்றுத்தரும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும். அரசு உதவி பெறும் ஒவ்வொரு சமுதாய நிறுவனமும் காலியிடங்களை வெளிப்படையாக விளம்பரம் செய்து, தேர்வு ஏட்டைக் காத்து, புகார்க் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவை இந்த ஆண்டே நம் அமைப்புகளில் முதலில் நாம் அமைக்க வேண்டும். மற்றவர்களிடம் கேட்கப் போகும்போது நம் கையில் அந்தத் தீர்மான நகல் இருக்கட்டும்.